பெயர் இரண்டு, காரணம் ஒன்று

ஜோகூர் மாநிலத்தின் குளுவாங் மாவட்டத்தில், மட்கிய தாவரங்களாலான கரிய சதுப்பு மண்ணில் அன்னாசி விளைகிற சிம்பாங் ரெங்கம் என்னும் ஊரில், பால்மரத் தோட்டத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் ஆயுளின் பெரும்பகுதியைச் செலவிட்டு, ஐம்பத்தைந்து வயதில் ஊழியர் சேமநிதியிலிருந்து வந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, பங்குச் சந்தையின் ஆட்டம் நமக்கு வேண்டாம், கடன்பத்திரமே நிம்மதி என்று தீர்மானிக்கிற ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். அந்தக் குடும்பத்தார் விவேகமுள்ளவர்கள். எல்லாப் பணத்தையும் ஓரிடத்தில் வைக்கலாகாது என்பதை அறிந்தவர்கள். ஆதலால் பாதிப் பணத்தை ஒரு நிறுவனத்தின் கடன்பத்திர நிதியிலும், மறுபாதியை வேறொரு நிறுவனத்தின் கடன்பத்திர நிதியிலுமாகப் பிரித்து வைக்கிறார்கள். ஒன்று அரசாங்கப் பத்திரங்களை வாங்குவது. மற்றொன்று பெருநிறுவனங்கள் வெளியிடும் சுக்கூக் என்னும் இஸ்லாமியக் கடன்பத்திரங்களை வாங்குவது. சில காலம் கழித்துக் கணக்கறிக்கைகளை அருகருகே வைத்துப் பார்த்தால் ஓர் ஆச்சரியம் காத்திருக்கிறது: ஒன்று இறங்கிய மாதத்தில் மற்றதும் இறங்கியிருக்கிறது; ஒன்று ஏறிய மாதத்தில் மற்றதும் ஏறியிருக்கிறது. பணத்தை இரண்டாகப் பிரித்தும் அபாயம் ஏன் பிரியவில்லை?

இந்தக் கேள்விக்கு விடை காண உதவும் அளவுகோல் ஒன்று புள்ளியியலில் உண்டு. தமிழ்ப் பாடநூல்கள் அதற்கு ஒட்டுறவு என்று பெயரிட்டிருக்கின்றன. முதலீட்டு முகவர்கள் கோரிலேஷன் என்று சொல்வதும் இதைத்தான். அது எதை அளக்கிறது, அதை எவ்வளவு தூரம் நம்பலாம், எங்கே அது மௌனமாகிவிடுகிறது என்பவற்றைத் தெரிந்துகொண்டால், முதலீட்டைப் பரவலாக்குதல் என்ற சொல்லுக்கு உண்மையான பொருள் என்ன என்பதும் விளங்கிவிடும்.

ஒரு வீட்டின் இரண்டு சம்பளங்கள்

ஒரு வீட்டில் அண்ணனும் தம்பியும் இரண்டு வெவ்வேறு தோட்டங்களில் பால்மரம் சீவுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தோட்டம் வேறு, நிர்வாகம் வேறு, சம்பளச் சீட்டும் வேறு. ஆனால் விடியற்காலையில் மழை பிடித்துக்கொண்டால் இருவரும் வீட்டிலேதான் இருக்க வேண்டும். நனைந்த பட்டையில் கத்தி வைத்தால் பால் கோப்பையில் சேராமல் மரத்தோடு வழிந்து மழைநீரில் கலந்து வீணாகிவிடும். ரப்பர் விலை சரிந்தாலும் இருவர் கையிலும் ஒரே சமயத்தில் காசு குறையும். ஆகவே, வீட்டுக்கு இரண்டு சம்பளம் வருகிறது என்று நாம் எண்ணினாலும், அபாயத்தின் கண்ணோட்டத்திலே அது ஒரே சம்பளத்தின் இரண்டு துண்டுகளாகவே நிற்கிறது.

அதே வீட்டில் தங்கை ஜோகூர் நீரிணையைக் கடந்து சிங்கப்பூரில் ஒரு கிடங்கிலே வேலை பார்க்கிறாள் என்றால், சிம்பாங் ரெங்கத்தின் மழை அவள் சம்பளத்தைத் தொடுவதில்லை. அண்ணன்மாருக்கு வரும்படி குறைந்த மாதத்தில் அவளுக்கும் குறையலாம், குறையாமலும் இருக்கலாம். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. இனி, மாமா கூரை ஒழுக்கு அடைக்கும் தொழில் செய்கிறவர் என்றால், மழைக்காலத்தில்தான் அவரைத் தேடி ஆள் வரும். மருமகன்களுக்கு வேலையில்லாத மாதத்திலேயே அவருக்கு வருமானம் பெருகும்.

இம்மூன்று நிலைகளையும் ஒரே எண்ணால் குறிப்பதே ஒட்டுறவுக் கெழு. ஒவ்வொரு மாதமும் அண்ணனின் வருமானம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது, தம்பியின் வருமானம் தன் சராசரியிலிருந்து எவ்வளவு விலகியது என்று எழுதிவைத்து, அவ்விரு விலகல்களும் ஒரே திசையில் நிகழ்ந்தனவா, எதிர்த் திசையில் நிகழ்ந்தனவா, எத்தனை ஒழுங்காக நிகழ்ந்தன என்பதைத் தொகுத்துப் பார்த்தால் அந்த எண் கிடைக்கும். இருவரும் இம்மியும் பிசகாமல் ஒரே விகிதத்தில் ஏறியிறங்கினால் அது +1. ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லையேல் 0. ஒருவர் ஏறும்போதெல்லாம் மற்றவர் அதே ஒழுங்கோடு இறங்கினால் −1. உலக விவகாரங்கள் பெரும்பாலும் இந்த எல்லைகளுக்கு இடையிலேதான் எங்கோ நிற்கும்.

இவ்வெண்ணுக்கு முதலில் வடிவம் கொடுத்தவர் இங்கிலாந்து நாட்டின் பிரான்சிஸ் கால்டன். மனித உடலின் அளவுகளை எடுத்து ஆராய்ந்துகொண்டிருந்த அவர், ஒருவரின் உயரம் தெரிந்தால் முழங்கை முதல் விரல்நுனி வரையுள்ள நீளத்தை எவ்வளவு நிச்சயமாக ஊகிக்கலாம் என்று கேட்டார். 1888-இல் வெளியிட்ட ஆய்வுரையில் அவ்விரண்டுக்கும் இடையிலான உறவு 0.8 என்றும், உயரத்துக்கும் தலையின் நீளத்துக்கும் இடையிலான உறவு 0.35 மட்டுமே என்றும் காட்டினார். உயரமானவருக்குக் கையும் நீளமாயிருக்கும் என்பது எல்லாரும் அறிந்ததே. எந்த அளவுக்கு என்பதை எண்ணாக்கியதிலேதான் புதுமை இருந்தது. 1896-இல் புள்ளியியலறிஞர் கார்ல் பியர்சன் அதைச் செம்மைப்படுத்தி, இன்று நாம் வழங்கும் கணக்கு முறையை நிலைநாட்டினார். கால்டன் இவ்வுறவுக்குச் சொன்ன விளக்கம் நமக்கு மிகவும் முக்கியமானது: இரண்டு அளவுகளின் மாறுதல்களுக்குப் பொதுவான காரணங்கள் ஓரளவு இருப்பதனாலேயே அவை சேர்ந்து மாறுகின்றன என்றார் அவர். அந்தப் பொதுக் காரணம் என்னும் கருத்தை இக்கட்டுரை முழுவதும் கைவிடாமல் பற்றிக்கொள்வோம்.

பிரிப்பதனால் எவ்வளவு குறைகிறது?

1952-இல், இருபத்துநான்கு வயது நிரம்பிய ஹாரி மார்க்கோவிட்ஸ் என்னும் அமெரிக்க இளைஞர், முதலீட்டுத் தொகுதியைத் தேர்ந்தெடுப்பது பற்றி ஒரு கட்டுரை எழுதினார். பணத்தைப் பல இடங்களில் வைப்பது நல்லது என்பதை உலகம் அவருக்கு முன்பே அறிந்திருந்தது. ஆனால் அந்த நன்மை எத்தனை இடங்களில் வைக்கிறோம் என்பதைப் பொறுத்ததன்று, அவ்விடங்கள் ஒன்றோடொன்று எவ்வாறு சேர்ந்து அசைகின்றன என்பதையே பொறுத்தது என்று கணிதத்தால் நிறுவியவர் அவரே. 1990-இல் அவருக்குப் பொருளாதாரத்துக்கான நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது.

அவர் கண்டதைச் சூத்திரமின்றியே ஓர் உதாரணத்தால் விளங்கிக்கொள்ளலாம். இரண்டு நிதிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றின் ஆண்டு வருவாயும் தன் சராசரியிலிருந்து ஏறத்தாழ 5 சதவிகிதம் மேலும் கீழுமாக அலைகிறது என்று கொள்வோம். இந்த அலைச்சலைப் புள்ளியியலார் திட்டவிலக்கம் என்பர். நம் பணத்தைச் சரிபாதியாக இரண்டிலும் வைக்கிறோம். இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவு 1 ஆனால், சேர்ந்த தொகுதியின் அலைச்சலும் 5 சதவிகிதமே. பிரித்ததனால் ஒரு காசும் பயனில்லை. ஒட்டுறவு 0.9 ஆனால் அலைச்சல் 4.87. ஒட்டுறவு 0.5 ஆனால் 4.33. ஒட்டுறவு 0 ஆனால் 3.54. எதிர்த் திசையில் 0.5 ஆனால் 2.5 சதவிகிதமாகக் குறைகிறது. முற்றிலும் எதிராக, அதாவது −1 ஆக இருந்தால் அலைச்சலே இல்லாமற் போகிறது.

இந்த வரிசையில் நாம் நின்று நிதானித்துப் பார்க்கவேண்டிய எண் இரண்டாவது. 0.9 என்பது 1-க்குச் சற்றுக் குறைவாக இருப்பதால் ஆதாயம் ஓரளவேனும் இருக்கும் என்று பலர் நினைப்பார்கள். உண்மையில் ஆதாயம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை. ஐந்து சதவிகித அலைச்சலில் எட்டில் ஒரு சதவிகிதம்தான் தணிந்திருக்கிறது. 0.9-ஐ அதனாலேயே பெருக்கினால் 0.81 வரும். ஒரு நிதியின் ஏற்ற இறக்கத்தில் நூற்றுக்கு எண்பத்தொரு பங்கை மற்ற நிதியின் அசைவைக் கொண்டே விளக்கிவிடலாம் என்பது அதன் பொருள். எஞ்சிய பத்தொன்பது பங்குதான் அந்த நிதிக்கென்று தனியாக உள்ள குணம்.

கடன்பத்திரங்கள் ஏன் சேர்ந்து அசைகின்றன?

இனி, சிம்பாங் ரெங்கத்துக் குடும்பத்தின் இரண்டு நிதிகளும் ஏன் ஒன்றாக இறங்கின என்பதற்கு வருவோம். கடன்பத்திரம் என்பது குறித்த வட்டியைக் குறித்த காலம் வரையில் தந்து, முடிவில் அசலையும் திருப்பித் தருவதாகக் கடன் வாங்குபவர் எழுதிக் கொடுக்கும் வாக்குறுதி. ஆயிரம் வெள்ளிக்கு, அதாவது ரிங்கிட்டுக்கு, ஆண்டுக்கு நாற்பது வெள்ளி தரும் பத்திரம் ஒன்று நம்மிடம் இருக்கிறது. நாளையே சந்தையில் வட்டி விகிதம் ஐந்து சதவிகிதமாக உயர்ந்து, புதிதாக வரும் பத்திரங்கள் ஆயிரத்துக்கு ஐம்பது வெள்ளி தரத் தொடங்கினால், நாற்பது வெள்ளி தரும் நம் பழைய பத்திரத்தை ஆயிரம் கொடுத்து யார் வாங்குவார்? அதன் விலை இறங்கித்தான் ஆகவேண்டும். இன்னும் ஓராண்டில் முடியும் பத்திரமானால் விலை ஏறத்தாழ 990 வெள்ளியாகும். பத்தாண்டு மிச்சமுள்ள பத்திரமானால் 923 வெள்ளியாகும். முப்பதாண்டு மிச்சமிருந்தால் 846 வெள்ளியாக வீழும். குறைந்த வட்டியை எத்தனை காலம் சகித்துக்கொள்ள வேண்டுமோ அத்தனைக்குத்தக நஷ்டம் பெருகுகிறது. இந்தக் குணத்தை நிதித் துறையினர் டியூரேஷன் என்பர். தமிழிலே வட்டியுணர்வு என்று சொல்லிக்கொள்ளலாம்.

இப்போது பொதுக் காரணம் கண்ணுக்குத் தெரிகிறது. அரசாங்கம் எழுதிக் கொடுத்த பத்திரமாயினும், கம்பெனி எழுதிக் கொடுத்த சுக்கூக்காயினும், ரிங்கிட்டில் அமைந்த எல்லாவற்றுக்கும் மேலே ஒரே வட்டிச் சூழல் நிலவுகிறது. நாட்டின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா மலேசியா தன் கொள்கை வட்டி விகிதத்தை 2020 ஜூலையில் 1.75 சதவிகிதம் என்ற தாழ்ந்த நிலைக்குக் கொண்டுவந்தது. 2022 மே, ஜூலை, செப்டம்பர், நவம்பர் என நான்கு முறை அதைக் கால் கால் சதவிகிதமாக உயர்த்தி 2.75 ஆக்கியது, 2023 மே மாதத்தில் 3 ஆக்கியது. அமெரிக்க மத்திய வங்கியோ 2022 மார்ச்சில் ஏறத்தாழ சுழியிலிருந்து தொடங்கி, 2023 ஜூலைக்குள் 5.25 முதல் 5.50 வரையில் ஏற்றிவிட்டது. அந்தக் காலத்தில் நீண்ட தவணைக் கடன்பத்திரங்களை வைத்திருந்த நிதிகள், நிர்வாகம் எதுவாயினும் பெயர் எதுவாயினும், இறங்குமுகம் காண நேர்ந்தது. வட்டி உயர்வு அக்குடும்பத்தின் இரண்டு நிதிகளுக்கும் ஒருசேரப் பெய்த மழையாயிற்று.

இரண்டாவது காரணம்: கடன் வாங்கியவர் யார்?

வட்டி ஒன்றே கடன்பத்திரத்தின் தலைவிதியை நிர்ணயிப்பதில்லை. வாக்குறுதி கொடுத்தவர் அதைக் காப்பாற்றுவாரா என்பது இரண்டாவது கேள்வி. இதற்குச் சிம்பாங் ரெங்கத்தார் தினமும் பார்க்கும் ஓர் உதாரணமே போதும். ஊரை ஒட்டிச் செல்கிற வடக்கு–தெற்கு நெடுஞ்சாலையை நிர்வகிக்கும் பிளஸ் நிறுவனம், 2012 ஜனவரியில் 3,060 கோடி வெள்ளிக்குச் சுக்கூக் வெளியிட்டது. ஒரே வெளியீட்டில் அத்தனை பெருந்தொகை அதற்குமுன் உலகில் எங்கும் சுக்கூக்காகத் திரட்டப்பட்டதில்லை. சிம்பாங் ரெங்கம் சுங்கச் சாவடியில் வாகனங்கள் செலுத்தும் கட்டணமும் அந்தக் கடனைத் தீர்க்கும் வருவாயின் ஒரு துளியே. இத்தகைய பெரிய வெளியீடுகள் நாட்டின் பல கடன்பத்திர நிதிகளின் இருப்பிலே இடம்பெறுவது இயல்பு. சந்தையில் பெரிய அளவில், உயர்ந்த தரத்தில் கிடைக்கும் பத்திரங்கள் சிலவே ஆதலால், வெவ்வேறு நிதி மேலாளர்களும் அவற்றையே நாடுகிறார்கள். அக்குடும்பத்தின் இரண்டு நிதிகளும் அரசாங்க உத்தரவாதம் பெற்ற ஒரே நிறுவனத்தின் பத்திரங்களை வைத்திருக்கலாம். அப்படியானால் அவர்கள் ஒரே கடனாளிக்கு இரண்டு முகவர்கள் மூலம் பணம் கொடுத்தவர்களாகிறார்கள்.

இது எந்த எல்லைக்குப் போகக்கூடும் என்பதைத் தமிழ்நாட்டு முதலீட்டாளர்கள் பலர் கண்கூடாகக் கண்டார்கள். 2020 ஏப்ரல் 23-ஆம் நாள், கொரோனா ஊரடங்கின் நடுவே, இந்தியாவில் பிராங்க்ளின் டெம்பிள்டன் நிறுவனம் தன் ஆறு கடன்பத்திர நிதிகளை ஒரே சமயத்தில் மூடுவதாக அறிவித்தது. அவற்றிலே ஏறத்தாழ 25,000 கோடி ரூபாய் இருந்தது. முதலீட்டாளர்கள் மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். அல்ட்ரா ஷார்ட் பாண்ட், லோ டியூரேஷன், ஷார்ட் டெர்ம் இன்கம், இன்கம் ஆப்பர்ச்சுனிட்டீஸ், டைனமிக் அக்ரூவல், கிரெடிட் ரிஸ்க் என்று ஆறுக்கும் ஆறு பெயர்கள். சில குறுந்தவணை, சில நெடுந்தவணை. பணத்தை இவற்றில் இரண்டு மூன்றாகப் பிரித்து வைத்தவர் தாம் பரவலாக்கியதாகவே நம்பியிருப்பார். ஆனால் ஆறிலும் குறைந்த தரமுடைய, கூடுதல் வட்டி தருகிற, அவசரத்தில் வாங்குவாரில்லாத பத்திரங்கள் கணிசமாக இருந்தன. எல்லாரும் ஒரே சமயத்தில் பணத்தைத் திரும்பக் கேட்டபோது ஆறும் ஒரே கதவில் முட்டி நின்றன.

சென்னை உயர்நீதிமன்றம் உள்ளிட்ட பல நீதிமன்றங்களுக்கு வழக்குப் போயிற்று. கர்நாடக உயர்நீதிமன்றம் 2020 அக்டோபரில், முதலீட்டாளரின் சம்மதமின்றி மூடலாகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் உச்சநீதிமன்றம் பணத்தைப் பகிர்ந்தளிக்கும் பொறுப்பை எஸ்.பி.ஐ. மியூச்சுவல் பண்டிடம் ஒப்படைத்தது. இந்தியப் பங்குச் சந்தை ஒழுங்குமுறை வாரியமான செபி 2021 ஜூனில் பிறப்பித்த ஆணையில், அபாயம் மிகுந்த ஒரே உத்தி பல நிதிகளிலும் திரும்பத் திரும்பக் கையாளப்பட்டிருந்தது என்று குறிப்பிட்டது. நிறுவனம் அதை எதிர்த்து மேல்முறையீடு செய்தது. முதலீட்டாளர்களுக்குப் பணம் காலப்போக்கில் தவணை தவணையாகத் திரும்பி வந்தது. ஆயினும் மகளின் கல்யாணத்துக்கும் வைத்தியச் செலவுக்கும் என்று வைத்திருந்தவர்களுக்கு, தேவைப்பட்ட வேளையில் அது எட்டாமற் போயிற்று என்பதை மறக்க முடியாது.

எண்ணை எவ்வாறு அறிகிறோம், எங்கே ஏமாறுகிறோம்?

ஒட்டுறவைக் கணக்கிடுவது இன்று எளிது. நிதிகளின் மாதாந்தர விலைகளைக் கணினியில் இட்டால் கணப்பொழுதில் எண் வந்துவிடும். ஆனால் அந்த எண் நம்பத்தக்கதா என்று சோதிக்கும் பொறுமை வேண்டும். இங்கே நான்கு இடங்களில் வழுக்கல் உண்டு.

முதலாவது, விலைகளை ஒப்பிடலாகாது. விலையின் மாறுதல்களையே ஒப்பிட வேண்டும். வட்டி சேர்ந்துகொண்டே போவதால் நல்ல கடன்பத்திர நிதிகள் எல்லாமே ஆண்டுகள் செல்லச் செல்ல மேல்நோக்கி நகரும். மேல்நோக்கி நகரும் எந்த இரண்டு கோடுகளையும் நேரே ஒப்பிட்டால் ஒட்டுறவு 1-ஐ ஒட்டியே வரும். இந்த மயக்கத்தை உட்னி யூல் என்ற புள்ளியியலறிஞர் 1926-இல் அம்பலப்படுத்தினார். இங்கிலாந்தில் 1866 முதல் 1911 வரையில் நடந்த திருமணங்களில் ஆங்கிலிக்கன் திருச்சபையில் நடந்தவற்றின் விகிதத்தையும் மக்களின் இறப்பு விகிதத்தையும் ஒப்பிட்டால் 0.95 என்ற ஒட்டுறவு வருவதை அவர் எடுத்துக்காட்டினார். இரண்டும் அக்காலத்தில் குறைந்துகொண்டே வந்தன என்பதைத் தவிர அவற்றிடையே வேறு சம்பந்தமில்லை. ஆகவே ஒரு மாதத்துக்கும் அடுத்த மாதத்துக்கும் இடையே எத்தனை சதவிகிதம் மாறியது என்பதையே எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, சில மாதங்களின் கணக்கு உறுதியானதன்று. மூன்றாண்டுகளுக்குரிய 36 மாதங்களைக் கொண்டு 0.3 என்ற ஒட்டுறவு கிடைத்தது என்றால், உண்மையான மதிப்பு ஏறத்தாழ சுழியிலிருந்து 0.57 வரையில் எங்கும் இருக்கலாம் என்கிறது புள்ளியியலறிஞர் ரொனால்டு பிஷர் வகுத்தளித்த முறை. அதாவது, சிறந்த பரவலாக்கம் என்று நாம் கொண்டாடியது நடுத்தரமானதாகவும் இருந்திருக்கலாம்.

மூன்றாவது, அரிதாகவே கைமாறும் பத்திரங்களின் விலை, சந்தையில் நடந்த விற்பனையினால் தெரிவதன்று, மதிப்பீட்டினால் எழுதப்படுவது. மதிப்பீடு மெதுவாகவே மாறுவதால், அத்தகைய பத்திரங்களைக் கொண்ட நிதியின் கோடு அமைதியாகவும், பிற நிதிகளோடு ஒட்டாததாகவும் தோன்றும். அந்த அமைதி அபாயம் இல்லாததனால் வந்ததா, அபாயம் பதிவாகாததனால் வந்ததா என்பதை ஒட்டுறவுக் கெழு சொல்லாது. இந்தியாவின் ஆறு நிதிகள் நிலைகுலைந்ததும் விற்க இயலாத பத்திரங்களின் கனத்தினாலேதான்.

நான்காவது, ஒட்டுறவு காலத்தோடு மாறுவது. 2000-க்குப் பின் ஏறத்தாழ இருபதாண்டுகள் அமெரிக்கப் பங்குகளும் அரசாங்கக் கடன்பத்திரங்களும் பெரும்பாலும் எதிர்த் திசையில் அசைந்தன. பொருளாதாரம் தளரும் என்ற பயமே அக்காலத்தின் முதன்மையான காரணமாக இருந்ததால், பங்கு வீழ்ந்தபோதெல்லாம் பத்திரம் கைகொடுத்தது. 2022-இல் காரணம் மாறிற்று. பணவீக்கமும் அதை அடக்கவந்த வட்டி உயர்வும் தலைதூக்கின. அவ்வாண்டில் அமெரிக்கப் பங்குகள் சுமார் 18 சதவிகிதமும், அமெரிக்கக் கடன்பத்திரச் சந்தையின் முதன்மைக் குறியீடு சுமார் 13 சதவிகிதமும் ஒருசேர இறங்கின. இருபதாண்டுக் கணக்கை நம்பியிருந்தவர்கள் திகைத்துப் போனார்கள். காரணம் எது என்று கேட்டிருந்தவர்களுக்கோ அந்த நிகழ்ச்சி புரியாத புதிராக இருக்கவில்லை.

இவற்றோடு இன்னொன்றும் கருதத்தக்கது. ஒட்டுறவு திசையின் ஒழுங்கைச் சொல்லுமே தவிர, அசைவின் அளவைச் சொல்லாது. ஆண்டுக்கு 1 சதவிகிதம் அலையும் குறுந்தவணை நிதியும் 6 சதவிகிதம் அலையும் நெடுந்தவணை நிதியும் 0.9 என்ற ஒட்டுறவு உடையனவாக இருக்கலாம். அவற்றைச் சரிபாதியாகக் கலந்தால் அலைச்சல் 3.46 ஆகிறது, இது வெறும் சராசரியாகிய 3.5-க்கு மிக அருகில் நிற்பதைப் பாருங்கள். குறுந்தவணை நிதியைச் சேர்த்ததனால் அபாயம் குறைந்தது உண்மையே. ஆயினும் அது கனமான சரக்கைக் குறைத்துக்கொண்டதன் பலன், இரண்டும் ஒன்றையொன்று ஈடுசெய்ததன் பலனன்று. இரண்டையும் ஒன்றென மயங்குவதால்தான் பலர் தம் தொகுதியைப் பற்றித் தவறான நம்பிக்கை கொள்கிறார்கள்.

வீடு முழுவதையும் கணக்கில் கொள்வது

இரண்டு நிதிகளை மட்டும் ஒப்பிட்டு நிறுத்திக்கொள்வதும் குறையே. ஊழியர் சேமநிதி வாரியம் தன் சொத்தில் ஏறத்தாழப் பாதியை அரசாங்கப் பத்திரங்கள் உள்ளிட்ட நிலையான வருமான முதலீடுகளிலேயே வைத்திருக்கிறது. உறுப்பினர் முதலீட்டுத் திட்டத்தின்கீழ் அங்கிருந்து பணத்தை எடுத்து, மலேசியக் கடன்பத்திர நிதியொன்றில் போடுகிறவர், தமக்காக வாரியம் முன்பே வைத்திருக்கும் பொருளையே கட்டணம் கொடுத்து இன்னொரு தடவை வாங்குகிறவராகலாம். வெளிநாட்டுப் பத்திர நிதி ஒன்றைச் சேர்த்தால் வட்டிச் சூழல் ஓரளவு வேறுபடும். ஆனால் நாணய மாற்று விகிதம் என்ற புதிய காரணம் உள்ளே வந்துவிடுகிறது. 2022-இல் அமெரிக்கப் பத்திரங்களின் விலை வீழ்ந்த அதே ஆண்டில் டாலருக்கு எதிராக ரிங்கிட்டின் மதிப்பும் இறங்கியதால், ரிங்கிட்டில் கணக்குப் பார்த்தவருக்கு நஷ்டத்தின் ஒரு பகுதி ஈடாயிற்று. ரிங்கிட் வலுப்பெறும் ஆண்டில் இதே விஷயம் பாதகமாகத் திரும்பும்.

பல வருவாய்கள் ஒரே காரணத்தைச் சார்ந்திருந்தால் எல்லாம் சேர்ந்தே வீழும் என்ற உண்மையை மலாயாத் தமிழர் ஏட்டுப் படிப்பினால் அறிந்தவர்களல்லர், பட்டு அறிந்தவர்கள். 1930-களின் தொடக்கத்தில் உலகப் பொருளாதார மந்தத்தால் ரப்பர் விலை சரிந்தபோது, கூலி, குடியிருந்த லயம், கடைக்கணக்கு ஆகிய அனைத்தும் ஒரே தோட்டத்தைச் சார்ந்திருந்தமையால் எல்லாம் ஒருங்கே ஆட்டங்கண்டு, பல்லாயிரம் குடும்பங்கள் தமிழகத்துக்குக் கப்பலேற்றப்பட்டன. பின்னர், 1950-களின் பிற்பகுதியில் ஐரோப்பிய முதலாளிகள் தோட்டங்களைத் துண்டாடி விற்கத் தொடங்கியபோது, வேலை போன நாளிலேயே வீடும் போயிற்று. 1960-இல், அப்போது அமைச்சராக இருந்த துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளரிடமிருந்து மாதத் தவணையாகப் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கவைத்தது, தொழிலாளர் வாழ்வின் எல்லாக் கூறுகளையும் ஒருங்கே வீழ்த்திய அந்தக் காரணத்தையே, அதாவது நிலத்தின்மேல் பிறருக்கிருந்த முடிவதிகாரத்தையே, அவர்கள் கைக்கு மாற்றும் பெருமுயற்சியாகும். ரப்பர் விலை என்ற மற்றொரு பொதுக் காரணத்தை அச்சங்கத்தாலும் அகற்ற முடியாது. ஆயினும் இரண்டு காரணங்களில் ஒன்றையேனும் நீக்குவது எத்தனை பெரிய காரியம் என்பதை அது காட்டிற்று.

செய்யத்தக்கது

ஆகவே இரண்டு கடன்பத்திர நிதிகளை வைத்திருப்பவர், அல்லது வைக்க எண்ணுபவர், முதலில் குறைந்தது ஐந்தாண்டு மாதாந்தர மாறுதல்களின் ஒட்டுறவைப் பார்க்கட்டும். அது 0.9-ஐ நெருங்கினால் விசாரணை அங்கேயே முடிந்தது. இரண்டில் கட்டணம் குறைந்ததை மட்டும் வைத்துக்கொள்வதால் பரவலாக்கத்தில் கிட்டத்தட்ட இழப்பே இல்லை. எண் தாழ்ந்திருந்தால் உடனே மகிழ்ந்துவிடாமல், நிதியின் ஆண்டறிக்கையையும் மாதாந்தரக் குறிப்பையும் விரித்து வைத்துக்கொண்டு நான்கு கேள்விகளைக் கேட்கட்டும்: இரண்டின் வட்டியுணர்வும் எவ்வளவு வேறுபடுகிறது? இரண்டும் ஒரே கடனாளிகளுக்குப் பணம் கொடுத்திருக்கின்றனவா? பத்திரங்களின் தரமும் எளிதில் விற்கக்கூடிய தன்மையும் எத்தகையவை? எந்த நாட்டு நாணயத்தில் வருமானம் வருகிறது? அடுத்த ஆண்டு அவசரமாகத் தேவைப்படும் பணத்தை இந்த இரண்டிலும் வைக்காமல், வங்கி வைப்பிலோ பணச் சந்தை நிதியிலோ தனியே வைப்பது, எந்த ஒட்டுறவுக் கணக்கைக் காட்டிலும் உறுதியான காப்பு. வட்டி உயரும்போது அவற்றின் வருவாய் உயர்வதால், நெடுந்தவணைப் பத்திரங்கள் தளரும் காலத்தில் அவை துணை நிற்கும்.

முதலீட்டு முகவர் நாளை மூன்றாவது நிதியொன்றைக் கொண்டுவந்து, இதையும் வாங்கினால் இன்னும் பாதுகாப்பு என்று சொல்லும்போது, அந்நிதி சென்ற ஆண்டு எவ்வளவு கொடுத்தது என்று கேட்பதற்கு முன்னால், எது நேர்ந்தால் இது இறங்கும் என்று கேளுங்கள். நம்மிடம் ஏற்கெனவே உள்ள நிதிகளை இறக்குகிற அதே நிகழ்ச்சியைத்தான் அவர் விடையாகச் சொல்வாரானால், அந்தப் பணத்தை வேறு இடத்துக்கு ஒதுக்கி வையுங்கள்.